உலைக்காரர் அனிசே

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அனிசே கோவில் வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, தடித்த கம்பளிக் காலுறையோடு நடுப்பாதையில் நடக்கத் தொடங்குகிறார். பீடம் வரை போகிறார். திரும்பி இடப்பக்கப் பாதையில் வருகிறார். பிறகு வலப்பக்கம். தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவர் மாதிரி அவ்வளவு மெதுவாக. செபம் செய்கிறார் போலிருக்கிறது என்று ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். செபமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. கீழே நிலவறையில் உலையைப் பற்றவைத்துவிட்டு வந்திருக்கிறார். சூடு எந்தப் பலகை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்று உள்ளங்காலால் பார்க்கிறார்.

சுவரில் சூட்டை அளந்து காட்டும் தெர்மாஸ்டாட் இருக்கிறது. பங்குச் சபை வாங்கி மாட்டியது. அதை யாராவது சுட்டிக் காட்டினால் அனிசேயின் உதடு ஒரு பக்கம் கோணும்.

"அது சுவத்துக்குக் காய்ச்சல் பாக்குது. பூசைக்கு வர்றவன் சுவத்துலயா நிக்கிறான்? தரையிலதான நிக்கிறான்?"

புனித மார்த்தம்மாள் கோவில் அடி முதல் கோபுரம் வரை மரம். குடாவின் முனையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மூடுபனி இறங்கும் நாட்களில் ஜன்னல்களுக்கு வெளியே உலகம் இருப்பதே தெரியாது. பால் நிறத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் உள்ளே வந்து பெஞ்சுகளின் மேல் படுத்துக்கொள்ளும். சூடு ஏற ஏற மரம் முனகும். கூரை உத்தரத்தில் ஒரு சத்தம், பாடகர் மாடத்தில் ஒரு சத்தம். அனிசே நின்று கேட்பார். "மார்த்தம்மா சோம்பல் முறிக்கிறா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி நடப்பார்.

பிஜோன் குடாவில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் மெலான்சன். தபால்காரரே திணறுவார். அதனால் அப்பன் பெயர், பாட்டன் பெயரைக் கோத்துத்தான் ஆளைப் பிரிப்பது. இவர் லூயி மகன் ஜோ மகன் அனிசே. எண்பதைத் தாண்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கூட்டல் வரைக்கும் இருந்தார், கழித்தல் வருவதற்குள் வெளியே வந்துவிட்டார். "கழிக்கிற வேலையே நமக்கு வரலியே, எல்லாம் சேத்த வேலைதான்" என்பார். இடப்பக்கப் புருவம் கிடையாது. நிலக்கரி காலத்தில் உலை வாயைத் திறந்தபோது நெருப்பு எட்டி நக்கிவிட்டுப் போனது. அது பிறகு முளைக்கவே இல்லை. அந்தப் புருவத்தைப் பற்றி அவரிடம் பல கதைகள் உண்டு. கேட்கிறவர் கண்ணைப் பார்த்து ஒன்றை எடுப்பார்.

வெறுங்கையோடு தொடங்கிய ஆள். கரிக் கப்பலிலிருந்து கூடை தூக்கினார். கூடை தூக்கியவர் வண்டி வாங்கினார். வண்டி வைத்திருந்தவர், ஊர் கரியை விட்டு எண்ணெய் உலைக்கு மாறப்போகிறது என்று எல்லோருக்கும் முன்னால் மோப்பம் பிடித்து எண்ணெய் லாரி வாங்கினார். இந்தக் கரையில் அப்படிக் காலூன்றி எழுந்தவர் வேறு யாரும் இல்லை. இருந்தால் வந்து சொல்லட்டும். கோவில் உலை மட்டும் கரிக் காலத்திலிருந்தே அவர் கையில். அதற்குக் கூலி வாங்கியதில்லை. "இந்த ஊரைச் சூடாக்கினது நான்" என்று கடையில் நின்று சொல்வார். அங்கே நிற்பவர்கள் மறுக்கமாட்டார்கள். அவரவர் வீட்டுக்கும் அவர் குழாயை இழுத்து வந்தவர்தானே.

லாரி ஓட்டிய காலத்தில் வீடுகளைச் சூட்டை வைத்தே படித்தார். எண்ணெய் திடீரென்று கூடுதலாகப் போனால் அந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது. திடீரென்று குறைந்தால் மாடியைப் பூட்டிவிட்டார்கள், மூத்தவன் மேற்கே ஆல்பெர்ட்டாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். இன்னும் குறைந்தால் கிழவர் போய்விட்டார், கிழவி சமையலறையிலேயே கட்டில் போட்டுக்கொண்டாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. தொட்டி சொல்லும்.

அந்தக் குளிர் இப்போது இல்லை. முன்பெல்லாம் குடாவுக்குள் பனிப்பாளங்கள் மந்தையாக வரும். அலை இறங்கியதும் மாடுகள் மாதிரி கரையில் படுத்துக் கிடக்கும், ராத்திரியெல்லாம் ஒன்றோடொன்று உரசி அசைபோடும். அடித்தளத்தைச் சுற்றிக் கடல்புல்லை மூட்டை மூட்டையாக அணைத்து வைத்தால்தான் வீட்டுக்குள் தண்ணீர் உறையாமல் இருக்கும். மார்கழி முழுக்க ஊர் கடலின் அடிவயிற்று வாசனையோடு தூங்கும். இன்றைக்கு சனவரியில் மழை பெய்கிறது. குளிர்காலம் நனைந்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுகிறது. புகைபோக்கிகளில் காக்கை உட்காருகிறது. வீட்டுக்கு வீடு வெளிச்சுவரில் ஒரு பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் சூடு ஊதுகிறது, கோடையில் அதே வாயால் குளிர் ஊதுகிறது. அனிசேக்கு அதில் ஏதோ நாணயக் குறைவு தெரிகிறது. "ஒரே வாயில ரெண்டு பேச்சு" என்று முடித்துவிடுவார்.

கோவிலில் அவருக்கு ஒரு பெஞ்சு உண்டு. அதைச் சொல்லாமல் அனிசேயைச் சொன்னதாகாது.

புனித மார்த்தம்மாளில் பெஞ்சுகளுக்குப் பக்கவாட்டில் சின்னக் கதவு இருக்கும். இடுப்பு உயரம், பித்தளைத் தாழ்ப்பாள். அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஒருமுறை பூசை முடிந்ததும் வாசலில் நின்று பெஞ்சுகளை ஏலம் விடுவார்கள். எடுத்த குடும்பம் உட்காரும், எடுக்க முடியாதவர்கள் பின்னால் கதவோரம் நிற்பார்கள். அனிசேயின் அப்பா ஜோ சாகும்வரை நின்றே பூசை கண்டவர். கதவு திறக்கும்போதெல்லாம் கடல்காற்று அவர் முதுகில்தான் வந்து விழும். முதல் பெஞ்சு மீன் ஆலை முதலாளி பியெருடையது. பியெர் குடும்பம் உட்கார்ந்து தாழ்ப்பாளைப் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் சாமியாரே பீடத்துக்கு வருவார் என்பார்கள். அனிசே கையில் காசு புரண்ட முதல் வருடம், நடுப்பாதைக்கு மறுபக்கம் இரண்டாவது பெஞ்சை ஏலத்தில் எடுத்தார். எதிர்த்துக் கேட்டவர்கள் எல்லாம் களைத்துப்போகும் வரை விலையைக் கூட்டினார். அன்று அப்பா உயிரோடு இல்லை. அதனால் என்ன, அனிசே தாழ்ப்பாளை ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி போட்டார்.

ஏலம் நின்று வெகுகாலம் ஆகிறது. யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று எத்தனையோ சாமியார்கள் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். யாரும் அசையவில்லை. பாட்டன் உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழுந்தால் பாட்டனை விட்டு எழுந்த மாதிரி. ஆயிரம் பேர் கொள்ளும் கோவிலில் இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பது பேர், நாற்பது பேர். ஒருவர் முன்னால், ஒருவர் தூணுக்குப் பின்னால், இருவர் பாடகர் மாடத்துக்குக் கீழே. சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் தூரத்துப் படகுகளுக்குக் காட்டுவதுபோல ஒருவருக்கொருவர் கையை ஆட்டுகிறார்கள். எல்லோர் வாயிலிருந்தும் ஆவி வருகிறது. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்லும்போது அந்த வாழ்த்தே கண்ணுக்குத் தெரிகிறது.

நிறைந்த கோவிலை அனிசே பார்த்திருக்கிறார். நீராவி வழியும் ஜன்னல்கள், நனைந்த கம்பளியின் ஆட்டுவாசனை, உலைச் சூடு மேலே வரும் நடுப்பாதை இரும்புக் கிராதியின் மேல் நடக்கும் பெண்களின் பாவாடை காற்றில் உப்புவது. அந்த நாட்களைச் சொல்லும்போது ஒரு பெருமையைச் சேர்த்துக்கொள்ளாமல் விடமாட்டார். "விசுவாசப் பிரமாணம் ஆரம்பிச்சதும் நான் கீழ போய் உலையோட காத்து வாயை அடைச்சிருவேன். அதுக்கு மேல கரி தேவையே இருக்காது. ஆண்டவருக்கு எவ்வளவு கரி மிச்சம் பிடிச்சுக் குடுத்திருக்கேன் தெரியுமா?"

அப்படிப்பட்டவர் மேல்தான் இந்தக் குளிர்காலத்தில் பழி வந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்து பங்குச் சபை கூடியது. கோவிலில் இல்லை, பக்கத்து மண்டபத்தில். அங்கே சுவரில் அந்தப் பெட்டி இரண்டு இருக்கிறது. பூனை மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும், உட்கார்ந்தவர்களுக்குக் கண் சொருகும். சபைத் தலைவி யுலாலி, முதலாளி பியெரின் பேத்தி. மருத்துவமனையில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றி வளைக்காமல் பேசுவார்.

"அனிசே, ஒண்ணு கேக்கணும். வருஷா வருஷம் குளிர் கொறையுது. ஊர்ல எல்லார் வீட்டுலயும் எண்ணெய் எரிக்கிறது கொறையுது. கோவில்ல மட்டும் ஏன் ஏறிக்கிட்டே போகுது?"

"கோவில் பெருசு."

"போன வருஷம் சின்னதா இருந்துச்சா?"

சிரிப்பு எழுந்தது. அனிசே சிரிப்பு அடங்கும்வரை மண்டபத்துப் பெட்டியையே முறைத்தார்.

"உலை கெட்டுப்போச்சோ?" என்றார் யுலாலி.

"என் உலை கெடாது."

"அப்போ உலைக்காரர் உக்காந்த எடத்துல தூங்கிடுறாரோன்னு கேக்கிறாங்க."

"எவன் கேட்டான்? இங்க வந்து கேக்கச் சொல்லு."

"எவனும் கேக்கல. நான்தான் கேக்கறேன்."

மூலையில் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் அங்கி போட்டிருந்த ஃபாதர் ஒபின்னா இருமினார். நைஜீரியாவிலிருந்து வந்தவர். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அவருக்கு இல்லை. "அனிசே அப்பா அப்படிப்பட்டவர் இல்லம்மா. ஆனா போன ஞாயித்துக்கிழமை விரல் வெறச்சுப்போய், கையில அப்பம் இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல" என்றார்.

முடிவு இப்படி: மாதக் கடைசி ஞாயிறு பூசை வரைக்கும் பார்ப்பது. அன்றும் கோவில் இதே குளிரில் கிடந்தால், குளிர்காலம் முழுக்கக் கோவிலைப் பூட்டிவிட்டு மண்டபத்தில் பூசை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும் எல்லோருக்கும் தெரியும். கடலோரத்து மரக் கோவில் ஒரு குளிர்காலம் சூடில்லாமல் கிடந்தால் ஈரம் ஏறும், சுவர்ப்பூச்சு உதிரும், தரை உப்பும். ஈஸ்டருக்குத் திறக்க வருகிறவர்கள் கதவைத் தோளால் இடித்துத் திறக்க வேண்டியிருக்கும். ஒருமுறை பூட்டினால் பூட்டியதுதான்.

அனிசே அன்றிலிருந்து சும்மா இருக்கவில்லை. உலையைக் கழுவினார், தட்டினார், காது வைத்துக் கேட்டார். குழாய்களுக்குத் துணி சுற்றினார். கரைக்குப் போய்க் கடல்புல் அள்ளி வந்து வீட்டில் உலர்த்தி, கோவில் ஜன்னல் இடுக்குகளில் கரண்டிக் காம்பால் திணித்தார். அவருடைய மனைவி ரோஸ்மே சமையலறை வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன கெழவா, கோவிலுக்குத் தலையணை தைக்கிறியா?"

"காத்து உள்ள வருது."

"அது பாட்டுக்கு வந்துட்டுப் போகட்டுமே. பூசைக்கு வர்றவங்களே கொறைச்சல்."

அனிசே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமையே உலையை ஏற்றிப் பார்த்தார். சனிக்கிழமை நடந்தபோது உள்ளங்காலுக்கு நல்ல சேதிதான் வந்தது. ஞாயிறு காலை மக்கள் வந்து உட்கார்ந்ததும் எங்கிருந்தோ குளிர் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அவர் தன் பெஞ்சில், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வாய்களின் ஆவி முப்பது இடங்களில் தனித்தனியாக எழுந்து தனித்தனியாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலை கீழே உறுமியது. அவருடைய உலை ஒருபோதும் அவரைக் கைவிட்டதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தூங்கித்தான் விடுகிறேனோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

அந்த வாரம் வயலின்காரர் அமேதே இறந்துபோனார்.

அமேதே வாசித்து ஆடாத கால் இந்தக் கரையில் இல்லை. வியாழக்கிழமை அடக்கப் பூசைக்கு எல்லா ஊரிலிருந்தும் வந்தார்கள். ஹாலிஃபாக்ஸிலிருந்து, பாஸ்டனிலிருந்து, ஆல்பெர்ட்டாவிலிருந்து. சிங்கி இறால் பிடிக்கும் படகுக்காரர்கள் பொறிகளைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு யார் பெஞ்சு எது என்று தெரியாது, தெரிந்தவர்களும் அன்று கேட்கவில்லை. நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்னால் நின்றார்கள். பாடகர் மாடம் நிறைந்து, மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். அனிசே முதல்நாளே உலையை ஏற்றிவிட்டு, அன்று காலையில் கறுப்புக் கோட்டோடு வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கைகுலுக்கி உள்ளே அனுப்பினார். தன் வீட்டுக்கு விருந்து வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

பிரசங்கத்தின்போது ஜன்னல்கள் வியர்த்தன. கோட்டுப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பெண்கள் பாட்டுத் தாளால் விசிறிக்கொண்டார்கள். ஃபாதர் ஒபின்னாவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை அரும்ப, இந்தக் கோவிலில் முதல் தடவையாக அவர் கைக்குட்டையைத் தேடினார். அனிசே பழைய காலத்துக்கே போய்விட்டார். வழக்கம்போல எழுந்து, கரி மிச்சம் பிடிக்கும் அந்தப் பழைய நடையில், உலையைத் தணிக்கக் கீழே இறங்கினார்.

நிலவறை அமைதியாக இருந்தது.

அவருக்கு முதலில் எது குறைகிறது என்று தெரியவில்லை. படியின் பாதியில் நின்று யோசித்தார். உறுமல் இல்லை. பர்னரின் மேல் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அருகே போய் உலையின் வயிற்றில் கையை வைத்தார். இரும்பு, அலை இறங்கிய கரையில் கிடக்கும் கல்லைப்போலச் சில்லென்று இருந்தது. எண்ணெய் வடிகட்டி அடைத்துக்கொண்டு எப்போதோ அணைந்திருக்கிறது. விடிவதற்கு முன்பே இருக்கலாம். அவர் வாசலில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கீழே நெருப்பு இல்லை.

மேலே அமேதேயின் கூட்டாளிகள் வயலின்களை எடுத்தார்கள். அடக்கத்துக்கு வாசிக்கிற மெல்லிய பாட்டாகத்தான் தொடங்கினார்கள். அது எப்படியோ வேகம் பிடித்தது. இந்தக் கரையில் வயலின் வேகம் பிடித்தால் உட்கார்ந்திருக்கும் கால் சும்மா இருக்காது. முதலில் ஒரு குதிகால் தட்டியது. பிறகு ஒரு வரிசை. பிறகு கோவிலே தட்டியது. அனிசேயின் தலைக்கு மேல் பலகைகள் அதிர்ந்து, உத்தரத்திலிருந்து கரிக் காலத்துத் தூசி பொன்னாக உதிர்ந்தது. கிராதி வழியாகப் பார்த்தால் மேலே வெளிச்சம், நூறு நூறு பூட்ஸ் அடிகள், சொட்டும் பனித்தண்ணீர். அந்தக் கிராதி வழியாக வெதுவெதுப்பாக ஒன்று கீழே இறங்கி வந்து அவர் வழுக்கைத் தலையைத் தொட்டது. இத்தனை காலமும் அவர் கீழிருந்து மேலே அனுப்பியது, இன்று மேலிருந்து கீழே வந்தது. கோவில் உலைக்குச் சூடு கொடுத்தது.

அவர் உலையை மறுபடி பற்றவைக்கவில்லை. பழைய கரிப்பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். வயலின் நிற்கும் வரை உட்கார்ந்திருந்தார். காற்று வாயை அடைத்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முன்னால் வந்து நின்றுவிட்டுப் போயின.

மேலே வந்ததும் யுலாலி எதிரே வந்தார். கோட்டு கையில், முகமெல்லாம் சிவப்பு.

"அனிசே, ஒத்துக்கறேன். உலையிலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"அனிசே அப்பா!" என்றார் ஃபாதர் ஒபின்னா. "இன்னிக்கு எனக்கு எங்க ஊர் ஞாபகம் வந்துருச்சு. அங்கியைப் பிழிஞ்சா தண்ணி வரும்."

சுற்றி நின்றவர்கள் தோளில் தட்டினார்கள். அனிசே வாயைத் திறந்தார். இவ்வளவு காலம் பழகிய வாய், அதுவாகவே சொல்லிவிட்டது. "நான்தான் சொன்னேன்ல, என் உலை கெடாதுன்னு."

"ஞாயித்துக்கிழமையும் இதே சூட்டைக் காட்டுங்க" என்றார் யுலாலி. "கோவிலைத் திறந்தே வைக்கலாம்னு நானே முதல்ல கை தூக்கறேன். நம்ம தாத்தா காலத்துக் கோவில், பூட்டணும்னு எனக்கு மட்டும் ஆசையா?"

அன்று சாயங்காலம் ரோஸ்மே அடக்க வீட்டிலிருந்து வந்த ராப்யூரைச் சூடுபண்ணித் தட்டில் வைத்தார். துருவிய உருளைக்கிழங்கும் கோழியும் ஓரத்தில் முறுகியிருக்கும், அந்த முறுகலுக்காகவே சண்டை போடுகிற ஆள் அனிசே. அன்று தொடவில்லை. 

"என்ன, பெருமை தொண்டையில சிக்கிக்கிச்சா?"

அனிசே சொன்னார். சிவப்பு விளக்கைச் சொன்னார், சில்லிட்ட இரும்பைச் சொன்னார், கிராதி வழியாக வந்ததைச் சொன்னார். ரோஸ்மே கரண்டியைக் கீழே வைத்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சிரிக்காத, ரோஸ்மே."

"இத்தனை வருஷமா கரி மிச்சம் பிடிச்ச கதை கேட்டேனே, சாமி! கரி மிச்சமாச்சுன்னா சூடு எங்கேருந்து வந்துச்சுன்னு ஒருநாளாவது யோசிச்சியா?"

"ஊர்ல ஒவ்வொரு வீட்டையும் சொல்லுவேன். பிள்ளை போயிட்டான், மாடியைப் பூட்டிட்டாங்கன்னு." அனிசே தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மார்த்தம்மா வீடு ஒண்ணைத்தான் நான் பாக்கவே இல்ல."

ரோஸ்மே சிரிப்பை நிறுத்தினார். முறுகலான ஓரத்தைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினார். "சரி, ஞாயித்துக்கிழமைக்கு என்ன செய்யப்போற? யுலாலி கிட்ட சொல்லப்போறியா?"

"என்னன்னு சொல்றது? ஆனா ஒண்ணு சொல்லு. நீ எப்பவாவது கோவில்ல குளுருதுன்னு சொல்லியிருக்கியா? எல்லாரும் சொல்றாங்க. நீ சொன்னதே இல்லியே."

"எனக்கெங்க குளுருது? நீ பக்கத்துலதான ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்க. அடுப்பு மாதிரி."

வடிகட்டியை மறுநாளே மாற்றிவிட்டார். உலை முன்னைவிட நன்றாகவே உறுமியது. சனிக்கிழமை வழக்கம்போல நடந்தார். தரை சூடாகத்தான் இருந்தது. அவர் முகத்தில்தான் ஒன்றும் தெரியவில்லை.

போன ஞாயிறுதான் மாதக் கடைசி ஞாயிறு. மூடுபனி கதவு வரைக்கும் வந்திருந்தது. ஒவ்வொருவராக அதிலிருந்து பிரிந்து உள்ளே வந்தார்கள். ஒருவர் தூணுக்குப் பின்னால் போனார். இருவர் பாடகர் மாடத்துக்குக் கீழே போனார்கள். அவரவர் பெஞ்சு, அவரவர் தாழ்ப்பாள். வியாழக்கிழமை தட்டிய அத்தனை கால்களும் எந்தெந்த ஊருக்கோ போய்விட்டிருந்தன. யுலாலி கையுறையைக் கழற்றாமல் முதல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய கைப்பை. ஒரு பார்வை தெர்மாஸ்டாட்டைப் பார்த்தார், ஒரு பார்வை அனிசேயைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை. கெஞ்சல் மாதிரிகூட இருந்தது. பூசை முடிந்ததும் மண்டபத்தில் கைகள் எழ வேண்டும்.

விசுவாசப் பிரமாணம் தொடங்கியது. அனிசே எழுந்து தன் பெஞ்சின் தாழ்ப்பாளை நீக்கினார். கீழே போகிறார், உலையை ஏற்றப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வயலின்காரரின் அடக்கத்தன்று வந்த சூட்டை அனிசே எங்கேயோ பூட்டி வைத்திருக்கிறார், இப்போது திறந்துவிடப்போகிறார் என்று நினைத்தவர்களும் இருந்திருக்கலாம்.

நிலவறைக் கதவு பின்னால் இருக்கிறது. அனிசே முன்னால் போனார். நடுப்பாதையைக் கடந்து, பியெர் குடும்பத்துப் பெஞ்சின் முன் நின்றார். அந்தப் பித்தளைத் தாழ்ப்பாளில் வேறு குடும்பத்துக் கை பட்டதில்லை. அவர் கை அதன் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு நீக்கினார். பிரமாணம் சொல்லிக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாகத் தயங்கின.

யுலாலி நிமிர்ந்து பார்த்தார். "என்ன?"

"தள்ளி உக்காரு."

"எதுக்கு?"

அனிசே தொண்டையைச் செருமினார். கரிக் காலத்திலிருந்து இந்தக் கோவிலுக்குள் அவர் வாயிலிருந்து வந்திராத ஒரு வார்த்தையை, தூணுக்குப் பின்னால் இருப்பவருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"குளுருது."

யுலாலி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அனிசே அவர் தோளோடு தோள் படும்படி உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை. பூட்ஸ் முனையால் அதைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் திருப்பி, தங்கள் பெஞ்சிலேயே இருந்த ரோஸ்மேயைப் பார்த்து, பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார்.